சங்கத்துப் பூனைகளும் தயிர்ச்சாதமும்

சங்கம் எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். நான் முத்துப்பேச்சி மதினிக்குத் தர வேண்டியதும் அதே இரண்டாயிரத்து நூற்று நாற்பதுதான். நடுவில் இருந்தவை மூன்று பூனைகள். பணம் எந்தப் பக்கமும் நகரவில்லை. நான்தான் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தேன்.

சங்கம் என்றால் தாள்குழாய்க் கிடங்கு உரிமையாளர் சங்கம். வெடிக்குள் மருந்து அடைப்பதற்கு முன்னால் தாளைச் சுருட்டி, பசை தடவி, குழாயாக்குவார்கள். அந்தக் குழாய்களைச் சீசனுக்கு வெகு முன்பே லோடு லோடாகக் கொண்டுவந்து ஆமத்தூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சங்கத்துக் கிடங்கில் அடுக்குவோம். பசை மைதா மாவில் காய்ச்சியது. அதனால் சுற்று வட்டாரத்து எலிகளுக்கெல்லாம் எங்கள் கிடங்குதான் கல்யாண மண்டபம். விஷம் வைக்க முடியாது. செத்த எலி கட்டுக்குள் கிடந்து நாறினால் ஆர்டர் திரும்பி வந்துவிடும்.

அந்த நேரத்தில் மூன்று பூனைகள் தாமாக வந்து சேர்ந்தன. எலி குறைந்தது. உடனே சங்கம் கூடி, அவை இன்று முதல் சங்கத்துப் பூனைகள் என்று தீர்மானம் போட்டது. பூனைகளை யாரும் கலந்துகொள்ளவில்லை. லோடு இறக்குகிற வேலையும் காவல் வேலையும் பார்த்துவந்த என்னிடம் பூனைப் பொறுப்பும் வந்தது. கூலி மட்டும் பழையபடியே இருந்தது.

பூனை எலியைப் பிடிக்கிறதே, பிறகு அதற்கு எதற்குச் சாப்பாடு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பூனைகள் எலியைப் பிடிக்கும், கொல்லும், என் காலடியில் கொண்டுவந்து போடும். தின்னாது. போட்டுவிட்டு, இனி உன் முறை என்பதுபோல் என் முகத்தைப் பார்க்கும்.

மூளிக்காது என்று நான் கூப்பிடுகிற கிழட்டுக் கடுவன் பூனைக்குச் சாளைக் கருவாட்டின் தலை மட்டும் வேண்டும். உடம்பை நகர்த்தி வைத்துவிடும். செவலைக்கு நெத்திலி வேண்டும், அதையும் கழனித் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சாம்பல் எதையும் தின்னும், ஆனால் நேற்றுத் தின்றதை இன்று தின்னாது. என் வீட்டில் என் பெண்டாட்டி வைக்கிற குழம்பை நான் ஒரு நாளும் இப்படி மோந்து பார்த்ததில்லை.

கிடங்கு வாசலில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது. அதனால் வளாகத்துக்குள் அசைவம் வரக் கூடாது என்பது சங்க விதி. நான் கௌரவச் செயலாளர் லட்சுமிகாந்தம் ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஐயா, பூனைக வெறும் சோறு திங்க மாட்டேங்குது. கருவாடு கேக்குது."

"அது எப்படிப்பா கேக்கும்?"

"கத்துது ஐயா. ராவும் பகலும் கத்திக்கிட்டே அலையுது. ஓடிப் போயிரும் போல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூனை ஓடிப் போச்சுன்னா எலி கடிக்கிறதெல்லாம் உன் சம்பளத்துலதான் பிடிப்போம். நிர்வாகம்னா அப்படித்தான். நீ ஒண்ணு செய். காம்பவுண்டுக்கு வெளிய வச்சு என்னமும் வாங்கிப் போடு. பில்லக் குடு, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதைத் தந்துவிடுவோம் என்று நான் எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடிச் சரக்கு எடுத்து, ஊருக்கு ரோடு பிரிகிற ஆமத்தூர் விலக்கில் கருவாட்டுக் கடை போட்டிருக்கிற முத்துப்பேச்சி எனக்கு மதினி முறை. அவளிடம் கடன் சொல்லி வாங்கினேன். காம்பவுண்டுக்கு வெளியே கருவேல மரத்தடியில் பூனைகளுக்கு வைத்தேன். நிழல் நகர நகரப் பூனைகள் நகரும், நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்வேன்.

இது தலைவர் நல்லசிவம் முதலாளி காதுக்குப் போனது. சங்கத்துப் பூனை சங்கத்துக்கு வெளியே போய்ச் சாப்பிடுவது சங்கத்துக்கு இழுக்கு என்று அவர் வருத்தப்பட்டாராம். வளாகத்துக்குள்ளேயே சைவமாகச் சாப்பாடு போடுவதென்று முடிவானது. பூனை நல உணவுத் திட்டம் என்று பேர் வைத்தார்கள். தொடக்க விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். வாசலில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர் படம் பெரிதாகவும் செயலாளர் படம் அதற்கடுத்தும் இருந்தன. கீழே ஒரு ஓரத்தில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மூட்டை மாதிரி வெளிநாட்டுப் பூனை ஒன்றின் படம். எங்கள் பூனைகளைப் படம் எடுக்க வந்தவன், முகக்களை போதாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வெள்ளிக் கிண்ணத்தில் தயிர்ச்சாதம். கடுகு தாளித்து, மாதுளம்பழம் உதிர்த்துப் போட்டிருந்தார்கள். தலைவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கைதட்டினார்கள். மூளிக்காது மெதுவாக வந்தது. மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றிச் சிமெண்ட் தரையைப் பறண்டு பறண்டு என்று பறண்டியது.

எனக்கு அந்தப் பறண்டல் தெரியும். அது வெளிக்குப் போய்விட்டு மண்ணைத் தள்ளி மூடுகிற பறண்டல்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பாத்தீகளா. சாப்பிடுறதுக்கு முன்னால பூமாதேவியத் தொட்டுக் கும்பிடுது. நாம சொல்லிக் குடுக்கல. இந்த வளாகத்துக் காத்துலயே அந்தப் பண்பாடு இருக்கு."

போட்டோக்காரர் இன்னொரு தடவை கும்பிடச் சொன்னார். பூனை அதற்குள் சுவர் ஏறிப் போயிருந்தது. தயிர்ச்சாதத்தை எங்களுக்குப் பங்கு வைத்தார்கள். நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து தினம் காலையில் விருதுநகர் மெஸ் ஒன்றிலிருந்து தயிர்ச்சாதம் வரும். நான் கோவிலுக்குப் பின்னால் வைப்பேன். பூனைகள் வந்து ஆளுக்கு ஒரு தடவை பறண்டிவிட்டு என் பின்னால் கருவேல மரத்துக்கு வரும். சாயங்காலம் தயிர்ச்சாதத்தை நாய்க்குக் கொட்டுவேன். திட்டமும் நடந்தது, கடனும் நடந்தது.

கடன் கூடிக்கொண்டே போகவும், பில் எழுதி எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆபீசுக்குப் போனேன். எழுதப் படிக்க நான் நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். ஒரு சொல்லை எழுதி முடிக்க எனக்கு நேரமாகும்.

செயலாளர் பில்லை விரல் நுனியால் பிடித்தார். "என்னப்பா, கருவாடுன்னு எழுதிருக்க. இந்தச் சொல்லு நம்ம ஃபைலுக்குள்ள வர முடியாது. பீரோவுக்கு மேல சாமி படம் இருக்கு."

"பின்ன என்னன்னு எழுத ஐயா?"

"பூனைக்கான பொருள்னு எழுது."

அழித்து எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் போனபோது பொருளாளர் திருப்பி அனுப்பியிருந்தார். என்ன பொருள் என்று தெளிவாக இல்லையாம்.

"தெளிவா எழுதினா உள்ள வராது, உள்ள வந்தா தெளிவா இல்ல. நான் என்ன ஐயா செய்ய?"

"அவசரப்படாத. நிர்வாகம்ங்கிறது பொறுமை. நானே பெட்ரோல் பில்லு போட்டு அன்னைக்கே வாங்கிருதேன். ஆனா அதுக்கு எம்புட்டு பொறுமை வேணும் தெரியுமா."

சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் முத்துப்பேச்சி கூடையோடு நிற்பாள். கிடங்குக்குள் போய்விட்டு வருவேன், நிற்பாள். லாரிக்குப் பின்னால் போய் வருவேன், நிற்பாள்.

"என்ன கொழுந்தனாரே, பூனை மாதிரியே அலையிறீக. ஒரு இடத்துல நில்லுங்க, பேசணும்."

"மதினி, சங்கத்துல பாத்துக்கலாம்னுருக்காக."

"அவுக பாத்துக்கிட்டே இருக்கட்டும். எனக்குத் தூத்துக்குடிக்காரன் பாத்துக்கிட்டா இருப்பான்? போன லோடுக்கு ரூவா கொண்டான்னு நிக்கான். ஏற்கெனவே எலி மூடையக் கடிச்சு பாதிச் சரக்கு போச்சு."

"ஒங்க கடையிலயும் எலியா?"

"பின்ன? ஒங்க சங்கத்துல இடம் பத்தாம எங்கிட்டு வந்ததுக." அவள் கூடையை இறக்கி நெத்திலியை அளந்தாள். "சங்கத்துப் பூனைக்கு நெத்திலி. சங்கத்து ஆளுக்கு என்ன? தயிர்ச்சோறா?"

"கேலி பண்ணாதீக மதினி."

"கேலி பண்ணாம அழவா சொல்றீக? தீவாளிக்கு முன்னால கணக்கு முடியல, அப்புறம் மதினியும் கிடையாது கொழுந்தனும் கிடையாது."

பூனைகளுக்கு அசைவம் தேவைதானா என்பதை முடிவு செய்யச் சங்கம் ஒரு துணைக்குழு போட்டது. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் இருந்தார்கள். மீன் இருக்கிற இடத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று இரண்டு காரில் தூத்துக்குடிக்குப் போனார்கள். காரோட்டிய பையன் திரும்பி வந்து என்னிடம் சொன்னான்.

"அண்ணே, நண்டு, எறா, சீலா வறுவல். எல வச்சு மூணு தடவ."

"அவுக சைவமில்லையாலே?"

"விதியில வளாகத்துக்குள்ளன்னுதானண்ணே இருக்கு. தூத்துக்குடி வளாகத்துக்கு வெளிய."

துணைக்குழு அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பூனைகள் மீனை விரும்புவதாக மக்களிடையே ஒரு கருத்து நிலவுகிறது. இதை உறுதி செய்ய மேலும் ஒரு பயணம் தேவைப்படுகிறது' என்று இருந்தது. எழுத்தைப் பிந்திக் கற்றவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போர்டில் ஒட்டியிருப்பதெல்லாம் நிஜம் என்று தோன்றும். இரண்டாவது பயணம் முடிந்ததும் என் ரூபாய் வந்துவிடும் என்றே நம்பினேன். இரண்டாவது பயணம் ராமேஸ்வரத்துக்கு நடந்தது.

அதன் பிறகு தலைவரின் இளைய மகன் ஹரிபிரசாத் வந்தான். சென்னையில் நிர்வாகப் படிப்பு படித்தவன். பெட்டி பெட்டியாகப் பூனைத் தீவனம் கொண்டுவந்தான். உருண்டை உருண்டையாக, புளியங்கொட்டை மாதிரி இருந்தது. சுத்த சைவம் என்று தனியாகச் சொல்லிச் செய்யவைத்ததாம். மூன்று தட்டில் வைத்தான். மூளிக்காது பறண்டியது. செவலை பறண்டியது. சாம்பல் தட்டைப் பார்க்கவே இல்லை, தீவனம் வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களாண்ணே, பிராண்டோட அட்டாச் ஆயிருச்சு" என்றான் ஹரிபிரசாத்.

அவன் என்னிடம் ஒரு தாளைத் தந்தான். பூனையின் மனநிலையைத் தினமும் குறிக்க வேண்டுமாம். மூன்று கட்டம் இருந்தது. திருப்தி, மிகத் திருப்தி, அளவற்ற திருப்தி.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "தம்பி, திங்கலன்னா எங்கன குறிக்க?"

"நெகட்டிவா யோசிக்காதீங்கண்ணே. கட்டத்துல ஒண்ணுல டிக் போட்டாத்தான் உங்க வருகையையே கம்ப்யூட்டர் ஏத்துக்கும்."

வருகை ஏறாவிட்டால் சம்பளம் இல்லை. இருப்பதில் குறைந்த பொய் எது என்று பார்த்து, தினமும் திருப்தியில் டிக் போட்டேன்.

தீபாவளி நெருங்கியது. கிடங்கில் லோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முத்துப்பேச்சி கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். பூனைகள் மூன்றும் கத்திக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தன. நான் குழாய்க்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவற்றை மிதிக்காமல் நடந்தேன். உட்கார்ந்தால் காலடியில் வந்து கத்தும், எழுந்தால் முன்னால் ஓடி மரத்தடியில் நிற்கும். அங்கே வைக்க ஒன்றும் இல்லை. இதுகள் ஓடிப் போனால் என் சம்பளம், ஓடாமல் இருந்தால் என் கடன். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. சாம்பல் மாதிரி நானும் மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஒங்களுக்கும் நெத்திலி வைக்கவா?" என்றாள் என் பெண்டாட்டி.

கடைசியில் சங்கத்துப் பொதுக்குழுவில் என் விஷயம் வருகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் வடை, கேசரி, காபி. மேடையில் செயலாளர் பேசினார்.

"நம்ம பூனைகள் தயிர்ச்சாதத்துலயும் தீவனத்துலயும் திருப்தியா இருக்குன்னு தினசரி பதிவு சொல்லுது. பதிவு போட்டது யாரு? செல்லப்பாண்டி. அவர் கையாலயே போட்ட டிக்கு. அப்ப வெளிய வச்சு அவர் வாங்கிப் போட்டது என்ன? அது தேவைக்கு வாங்கினது இல்ல. ஜீவகாருண்யத்துல வாங்கினது. தர்மம். தர்மத்துக்கு நாம ரூபா குடுத்தா, அவர் புண்ணியத்த நாம விலைக்கு வாங்கின மாதிரி ஆயிரும். அந்தப் பாவத்த இந்தச் சங்கம் செய்யாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கே சரி போலத்தான் தெரிந்தது.

தலைவர் எழுந்தார். "எங்க அப்பா காலத்துல இருந்து இந்தச் சங்கம் ஒரு பைசா கடன் வச்சதில்ல. காரணம், எதையுமே நாங்க கடன்னு ஒத்துக்கிட்டதில்ல. கடன்னா ரெண்டு பேருக்கு நடுவுல கசப்பு. உபயம்னா பேரு நிக்கும். வாசல் டியூப்லைட்டப் பாருங்க, உபயம் எங்க சித்தப்பா. லைட்டுல முழுக்க அவர் பேருதான் இருக்கு, வெளிச்சம் கொஞ்சம் கம்மி. ஆனா யாராச்சும் அவர மறந்தோமா? ஒரு தொழிலாளிக்கும் அந்தக் கௌரவம் கிடைக்கணும்னு நெனச்சேன்."

என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என் இரண்டு கையிலும் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வைத்தார்கள். அதில் ஆழமாகப் பேர் வெட்டியிருந்தது. 'பூனை நல உணவுத் திட்டம். உபயம்: செல்லப்பாண்டி.' நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை கைதட்டினார்கள். தாம்பாளத்துக்கும் வெட்டுக் கூலிக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது என்று பொருளாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆமத்தூர் விலக்கில் இறங்கினால் முத்துப்பேச்சி கடையில்தான் முழிக்க வேண்டும். அவள் பொன்னாடையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"என்னலே இது, மறு கல்யாணமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தின் மேல் குனிந்தாள். பிறகு, "என்ன எழுதிருக்குன்னு படி" என்றாள். படித்தேன்.

"அப்ப என் கருவாடு ஒம் பேருல போச்சா?"

"ஆமா மதினி."

"கொண்டா இங்க." தாம்பாளத்தைப் பிடுங்கி விரலால் சுண்டிப் பார்த்தாள். கனமாகத்தான் ஒலித்தது. "இது இங்கன கெடக்கட்டும். ரூவாயக் குடுத்துட்டு ஒம் பேர எடுத்துட்டுப் போ."

பொன்னாடையையும் கேட்பாளோ என்று பயந்து வேகமாக நடந்தேன்.

மறுநாள் காலையில் கிடங்குக்குப் போனால் பூனைகளைக் காணவில்லை. மரத்தடியில் இல்லை, கட்டுகளுக்குப் பின்னால் இல்லை, அட்டைப்பெட்டிக்குள் இல்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடினேன். எலி கடிப்பதெல்லாம் உன் சம்பளத்தில் என்று செயலாளர் சொன்னது காதிலேயே நின்றது. தேடிக்கொண்டே விலக்கு வரைக்கும் வந்துவிட்டேன்.

முத்துப்பேச்சி கடை வாசலில் என் பேர் வெட்டிய தாம்பாளம் கிடந்தது. அதைச் சுற்றி மூன்றும் உட்கார்ந்திருந்தன. மூளிக்காது சாளைத் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. செவலைக்கு ஊறப்போட்ட நெத்திலி. சாம்பல் தனக்கு வைத்ததை விட்டுவிட்டு மூளிக்காது ஒதுக்கிய உடம்பைத் தின்றுகொண்டிருந்தது.

"கருவாடு உதுந்ததுகள வாரி இதுல வச்சிருந்தேன். வந்துட்டாக விருந்தாளிக" என்றாள் முத்துப்பேச்சி.

"மதினி, இதுக சங்கத்துப் பூனைக. என் பொழப்பு இதுலதான் இருக்கு."

"நான் என்ன கயிறு கட்டியா வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போ."

சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கையெல்லாம் பறண்டல். சாக்கை அவிழ்த்துவிட்டேன். மத்தியானம் மறுபடியும் விலக்கில் இருந்தன. மறுநாளும் தூக்கினேன், மறுநாளும் போயின. அதற்கு மேல் என் தோளுக்குத் தெம்பில்லை.

அந்த வாரத்தில் செயலாளர் திட்டத்தைப் பார்வையிட வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூனை எங்கே என்று கேட்டதும் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகக் கோவிலுக்குப் பின்னால் போனார். தயிர்ச்சாதத் தட்டு காலியாக இருந்தது. கழுவி வைத்த மாதிரி ஒரு பருக்கை இல்லாமல். பக்கத்தில் தீவனத் தட்டும் அப்படியே.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "செல்லப்பாண்டி, முழுசும் சாப்பிட்டிருக்கேப்பா."

"ஆமா ஐயா."

"ஆரம்பத்துல தயங்கும். எந்த நல்ல திட்டமும் அப்படித்தான். நாமதான் உறுதியா நிக்கணும்."

தட்டுக்குப் பின்னால் சுவர் ஓரத்தில் பெருச்சாளி போல ஒரு எலி, வயிறு புடைத்து, ஓடத் தெம்பில்லாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பூனைகளையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டம் அந்தத் தாளில் இல்லை. குழாய்க்கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மெஸ் சாப்பாடு கிடைக்கிறபோது பழைய பசையை எந்த எலி கடிக்கும்? கட்டெல்லாம் சேதமில்லாமல் இருந்தது.

"மெஸ்ஸுல சொல்லி இன்னொரு தூக்கு சேத்து அனுப்பச் சொல்றேன்" என்றார்.

நான் அன்றைய தாளை எடுத்து, முதல் முறையாக, அளவற்ற திருப்தியில் டிக் போட்டேன். யாருடைய திருப்தி என்று அதில் கேட்கவில்லை.

சாயங்காலம் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். முத்துப்பேச்சி கண்ணில் படாமல் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றேன்.

"கொழுந்தனாரே, கம்பம் ஒங்களவிட ஒல்லியா இருக்கு. வாங்க இங்க."

போனேன். மூடைகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒன்றிலும் ஓட்டை இல்லை. மூளிக்காது மேல் மூடையில் படுத்திருந்தது. கீழே அது கொண்டுவந்து போட்ட எலி ஒன்று கிடந்தது.

"இந்த லோடுல ஒரு மூடையும் கடிபடல" என்றாள். "தூத்துக்குடிக்காரனுக்கு இன்னைக்கு ரூவா குடுத்துட்டேன். இதுக திங்கிறது கையளவு. எலி தின்னது மூடையளவு."

"மதினி, என் கணக்கு..."

"அதத்தான் சொல்ல வந்தேன். தாம்பாளம் எங்கிட்டயே இருக்கட்டும். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது இன்னையோட தீந்துச்சு. இனி எங் கடைக்கு முன்னால ஒளிஞ்சு நிக்காதீக, ஆளுக சிரிக்கிறாக."

கடைக்கு வந்த ஒருவர் தாம்பாளத்தில் இருந்த எழுத்தைக் குனிந்து படித்தார். "யாரும்மா செல்லப்பாண்டி? பெரிய தர்மவானோ?"

"ஆமா, பெரிய தர்மவான்" என்றாள் முத்துப்பேச்சி. "அந்தா நிக்காரு."

நான் நிற்கவில்லை. காலிச் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் வந்து என் கையை மோந்து பார்த்தது, பறண்டாமல் மடியில் ஏறிப் படுத்தது. பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.